காலையில் மடங்க மறுக்கும் விரல்கள்

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. குழாயைத் திருக, சட்டைப் பொத்தானைப் போட, ஈரத்துணியைப் பிழிய வலுவில்லை. பத்து மணி வாக்கில் கை இளகிவிடுகிறது. "ராத்திரி கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒருநாள் இரண்டுநாள் என்றால் சரி. வாரக்கணக்கில் தொடர்ந்தால் அப்படி விடக்கூடாது. முடக்குவாதம், பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே அந்த நோய், பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

மூட்டுவலி என்றதுமே நமக்கு வயதானவர்களின் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது. அது தேய்மானம். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு இருந்தாலும் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. ஓய்வுக்குப் பிறகுதான் வலி அதிகம். கைகால் அசைய அசையக் குறையும். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது இது. சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. முதுமை வரும்வரை இது காத்திருப்பதுமில்லை. 30 வயதிலும் வரும், 60 வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். புகைபிடிப்பவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

எந்த மூட்டு என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். முடக்குவாதம் முதலில் தேடிப்போவது சிறிய மூட்டுகளை: விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள், விரலின் நடுக்கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி. நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பாதிக்கும். வலது கையில் எங்கோ, இடது கையிலும் கிட்டத்தட்ட அங்கேயே.

கையை முஷ்டியாக மடக்கிப் பாருங்கள். கணுக்களுக்கு நடுவே பள்ளம் தெரிய வேண்டும். வீக்கம் இருந்தால் அந்தப் பள்ளம் மேடாகி நிரவியிருக்கும். தொட்டால் எலும்பு போலக் கெட்டியாக இராமல் மெத்தென்று அமுங்கும். நான்கு கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினால் வலி சுரீரென்று ஏறும். இதனால்தான் சிலருக்குக் கைகுலுக்குவதே வேதனையாகிவிடுகிறது. மோதிரம் கழலாது, வளையல் கணுவைத் தாண்டாது. கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் கூழாங்கல்மேல் நடப்பதுபோல் இருக்கும்.

மூட்டோடு முடிந்துவிடும் நோயல்ல இது. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி, லேசான காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு, ரத்தசோகை எல்லாம் கூடவே வரலாம். கண் உலரலாம், நுரையீரல்கூட பாதிக்கப்படலாம். இந்த அசதியை "வீட்டுவேலை அதிகம்" என்று பெண்கள் தாங்களாகவே ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

நம் ஊரில் ஒரு குழப்பமும் உண்டு. சிக்குன்குனியா வந்து போன பிறகும் இதே மாதிரி மூட்டுகள் மாதக்கணக்கில் வீங்கி வலிக்கும். எனவே அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். யூரிக் அமிலத்தை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியடைவதும் வேண்டாம். அது வேறொரு மூட்டு நோய்க்கான சோதனை. முடக்குவாதத்துக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்தும் நோய் இருக்கலாம். 'பாசிட்டிவ்' என்று வந்தும் நோய் இல்லாமல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அறிகுறிகளையும் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

மூட்டு வீக்கம் ஆறு வாரம் தாண்டியும் வடியவில்லை என்றால் மூட்டுவாத நிபுணரை, அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்த்துவிட வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. அவசரப்படுத்தக் காரணம் உண்டு. எலும்பு அரிப்பு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது; அரித்துப்போன எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. மெடிக்கல் கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கும், அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். நோயையே கட்டுப்படுத்த மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து; தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவரைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் மாலையாக இருக்கும். அதற்குள் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கும். ஆகவே காலையில் எழுந்தவுடன் கையை செல்போனில் படம் எடுத்துவையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் முழுதாக மடங்கியது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள்.