பாச்சை உருண்டையும் சிவப்பணுவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

உயிர் வாழ ஆக்சிஜன் வேண்டும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அதே ஆக்சிஜன் நம் உடலை ஒவ்வொரு கணமும் அரிக்கவும் செய்கிறது என்பதைப் பலர் அறியார். இரும்பு துருப்பிடிப்பதும், வெகுநாள் வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வீசுவதும் ஆக்சிஜனின் வேலையே. உயிரணு இந்த அரிப்பை எவ்வாறு தடுக்கிறது, அத்தடுப்பு தவறினால் என்ன நேரும் என்பதை, நம் வீட்டுப் பீரோவில் கிடக்கும் ஒரு சிறு உருண்டையைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

உள்ளிருக்கும் பகை

நாம் உண்ட உணவு ஆற்றலாக மாறும்போது, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் நீராகிறது. ஆனால் அதில் ஒரு சிறு பகுதி பாதி வழியிலேயே ஓர் எலக்ட்ரானைப் பற்றிக்கொண்டு சூப்பர் ஆக்சைடு ஆகிவிடுகிறது. இதனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969-இல் மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கண்டறிந்தனர். பட்டு நூலை வெளுக்கப் பயன்படும் அதே பெராக்சைடுதான் நம் அணுவுக்குள்ளும் பிறக்கிறது! அதையும் விட்டுவைக்கலாகாது. கேட்டலேஸ் என்னும் நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. குளூட்டதயோன் என்னும் சிறு மூலக்கூறு, தன் ஹைட்ரஜனை ஈந்து அதை நீராக்குகிறது. கொடுத்துவிட்ட குளூட்டதயோன் வெறுங்கையோடு நிற்கும். அதற்கு மீண்டும் ஹைட்ரஜன் தருவது என்.ஏ.டி.பி.எச். என்னும் பொருள்.

படை திரட்டும் முறை

எங்கள் தெள்ளார், மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் வென்ற போர்க்களம். எந்நாளும் எல்லோரும் வாளேந்தி நின்றால் வயலை உழுவது யார்? பகை வரும்போது படை திரள வேண்டும்; போனபின் கலைய வேண்டும். உயிரணுவும் அவ்வாறே செய்கிறது.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது விரைவானது. என்.ஏ.டி.பி.எச். தயாரிக்கும் பாதையின் முதல் நொதி, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். சுருக்கமாக ஜி-6-பி-டி எனலாம். என்.ஏ.டி.பி.எச். மிகுந்திருந்தால் இந்நொதி அடங்கிக் கிடக்கும். அது செலவானால் உடனே வேகமெடுக்கும்.

இரண்டாவது சற்று மெதுவானது. நெர்ஃப்-2 என்னும் புரதத்தைக் கீப்-1 என்னும் காவலாளிப் புரதம் பிடித்து, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்-1-இல் உள்ள கந்தகத் தொகுதிகளை ஆக்சிகரணம் தாக்கியதும் அதன் பிடி தளர்கிறது. தப்பிய நெர்ஃப்-2 உட்கருவுக்குள் சென்று, தற்காப்பு நொதிகளுக்கான ஜீன்களை இயக்குகிறது. 1990-களில் ஜப்பானிய அறிஞர் யாமமோட்டோவின் குழுவினர் இதனைத் தெளிவாக்கினர்.

சிவப்பணுவின் ஏழ்மை

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே இரண்டாவது வழி அதற்கு அடைபட்டது. புது நொதி செய்ய இயலாது. பிறந்தபோது பெற்ற நொதிகளைக் கொண்டே 120 நாட்கள் ஓட்ட வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாததால், என்.ஏ.டி.பி.எச். பெற அதற்கு ஜி-6-பி-டி-யை விட்டால் வேறு கதியில்லை.

இந்த ஒரே நொதியிலும் பிறவிக் குறை இருந்தால்? உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களுக்கு இக்குறை உண்டு. இந்தியாவில் பார்சி மக்களிடையேயும் பழங்குடியினர் சிலரிடையேயும் இது மிகுதி. குறையின் வகைகளுக்கு ‘ஒரிசா’ என்றும் ‘கேரளா-கல்யாண்’ என்றும் நம் நாட்டுப் பெயர்களே இடப்பட்டுள்ளன. எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண்களையே பெரிதும் தாக்குகிறது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் நலமாகவே இருப்பர், ஏதேனும் ஒரு பொருள் சிவப்பணுவைச் சீண்டும் வரையில்.

மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் அத்தகைய ஒன்று. அதை உண்டவருள் சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைவதேன் என்று ஆராய்ந்தே, 1956-இல் கார்சன் குழுவினர் இந்நொதிக் குறையைக் கண்டனர். தொழுநோய்க்குத் தரும் டாப்சோனும் இப்படிச் செய்யக்கூடும்.

மூன்றாவதுதான் நம் பாச்சை உருண்டை. ஆரணிப் பட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது பூச்சி வராமலிருக்கப் போடுகிறோமே, அதே நாப்தலீன்! அதன் ஆவியை முகர்ந்தாலும், தோல்வழியே ஊறினாலும், வாயில் போட்டுக்கொண்டாலும், உடலில் அது ஆக்சிகரணம் செய்யும் பொருள்களாக மாறுகிறது. குளூட்டதயோன் தீர்ந்த சிவப்பணுக்கள் உடைகின்றன. சோகையும் மஞ்சள் காமாலையும் தோன்றும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். பச்சிளங் குழந்தைக்கு ஆபத்து இன்னும் பெரிது. அதன் கல்லீரல் முதிராததால் பிலிருபின் இரத்தத்தில் ஏறி, மூளையையே கெடுத்துவிடலாம்.

நம் ஊர்களில் பிள்ளை பிறந்ததும் பெட்டியிலிருந்து பழஞ்சேலையை எடுத்துத் தூளி கட்டுவது வழக்கம். அச்சேலையில் உருண்டை வாடை இருந்தால் குழந்தை இரவு பகலாக அதைத்தான் சுவாசிக்கும்.

மிகுதியும் தீதே

அப்படியானால் ஆக்சிகரணத் தடுப்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கலாமா? கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது! சில நுரையீரல் புற்றுக்கட்டிகளில் கீப்-1 பழுதுபட்டு, நெர்ஃப்-2 ஓயாமல் வேலை செய்து புற்றணுக்களையே காப்பதும் தெரியவந்துள்ளது. கலையாத படை நாட்டுக்கே பகையாகிவிடும் அல்லவா?

நாம் செய்யத்தக்கன

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நானே முதல்வன். ஆக்சிகரணம், நொதி என்றெல்லாம் வீட்டில் பேசிப் பயனில்லை. “தூளிச் சேலையை நன்றாகத் துவைத்து, வாடை போகும்வரை வெயிலில் காய வையுங்கள், குழந்தைத் துணியோடு உருண்டை போடாதீர்கள், வேப்பிலையும் வசம்பும் போதும்” என்றால் எவருக்கும் விளங்கும். பிரைமாகுயின் உண்ணுமுன் மருத்துவரிடம் இக்குறையைப் பற்றிக் கேட்க வேண்டும். எளிய இரத்தச் சோதனை உண்டு. ஆனால் இரத்தம் சிதைந்த உடனே சோதித்தால், நொதி குன்றிய முதிய அணுக்கள் அழிந்து இளையவை மட்டுமே எஞ்சியிருக்கும்; முடிவு பொய்யாக நன்றாக வரலாம். சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பது நலம்.

அறிவியல் பயிலும் நாம் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் ஒரு வீட்டிலேனும் இதைச் சொல்வோமானால், பயின்றதன் பயன் ஒரு தொட்டிலுக்காவது போய்ச் சேரும்.