கம்ப்யூட்டருக்கும் கத்திரி வெயில் உண்டு!

மிக்ஸி நின்று போனால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். கிரைண்டர் கல் சுற்றாவிட்டால் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறோம். கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவி, ஓட்டைகளை ஊசியால் குத்திச் சரி செய்கிறோம். கம்ப்யூட்டர் நின்றால் மட்டும், "ஐயோ, அது நமக்கெதுக்கு? அவர் வரட்டும், பையன் வரட்டும்" என்று இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறோம். ஏன் அப்படி? அதுவும் கரண்டில் ஓடுகிற ஒரு சாமான்தானே!

நான் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பு, கூடவே டைப்ரைட்டிங் லோயர். அந்த டைப்ரைட்டிங்தான் இன்றைக்குக் கைகொடுக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்து, எங்கள் ஊர் அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகை, கோயில் அழைப்பிதழ், வினாத்தாள் என்று அடித்துக் கொடுக்கிறேன். ஊர் வேலூர். வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை!

2024 மே மாதம். கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்திருந்தன. அந்தச் சமயம் பார்த்து எங்கள் கம்ப்யூட்டர், சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று அணைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வரும், மறுபடி அணையும். 2017-ல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த பெட்டி அது. கடைக்கு எடுத்துப் போனார் என் கணவர். மூடியைக்கூடக் கழற்றாமல், "பழசாயிடுச்சு சார், போர்டு போயிருக்கும். புதுசாப் போட்டுடுங்க, 22 ஆயிரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சீட்டுப் பணம் 25 ஆயிரம் கைக்கு வந்திருந்தது. ஆனால் அது பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டவென்று வைத்தது. கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் ஜூன் மாதம் யார் காலில் விழுவது? கொடுக்காவிட்டால் அச்சகத்து வேலை வேறு கைக்குப் போய்விடும்.

மாடியில் குடியிருக்கும் தம்பி ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப்பைக் கவனித்துக்கொள்கிறான். அவனைக் கேட்டேன். "அக்கா, எதையும் வாங்காதீங்க. முதல்ல இருக்கிறதையெல்லாம் பென் டிரைவ்ல காப்பி பண்ணுங்க. அப்புறம் எத்தனை மணிக்குப் போடுறீங்க, எத்தனை மணிக்கு நிக்குதுன்னு மூணு நாள் எழுதி வைங்க" என்றான்.

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். காலை ஐந்தரைக்குப் போட்டால் எட்டு வரை ஒரு தொந்தரவும் இல்லை. பதினோரு மணிக்குப் போட்டால் நாற்பது நிமிஷம். மத்தியானம் இரண்டரைக்குப் போட்டால் இருபது நிமிஷத்தில் அவுட்! தாளைப் பார்த்ததும் தம்பி சிரித்தான். "போர்டு போயிருந்தா காலையில மட்டும் நல்லா ஓடுமாக்கா? இது சூடு."

கம்ப்யூட்டருக்குள் நடப்பது இதுதான். அதன் மூளையான பிராசஸர் ஒரு சின்னச் சதுர வில்லை. பிஸ்கட் அளவுகூட இராது. வேலை செய்யும்போதெல்லாம் அது சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன்மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். அதன் தலைமேல் ஒரு சிறு ஃபேன். வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்க, பற்பசை மாதிரி ஒரு பசை தடவியிருப்பார்கள். பெட்டியின் முன்பக்கம் காற்று உள்ளே வரும். பின்பக்கத்து ஃபேன் வெப்பக் காற்றை வெளியே தள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பிராசஸருக்குச் சூடு ஏறினால் முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் நிற்பதற்கு முன்னால் ஆமை வேகத்தில் நகரும். பல பிராசஸர்களுக்கு 95, 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதற்கு மேலும் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரேயடியாக அணைந்துவிடும். குக்கரில் சேஃப்டி வால்வு போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். வால்வு போனால் உடனே புதுக் குக்கரா வாங்குகிறோம்? தண்ணீர் போட்டோமா, வெயிட் அடைத்திருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்?

இன்னொன்று. உள்ளே இருக்கிற ஃபேன் அறையில் உள்ள காற்றைத்தான் இழுத்து விசிறுகிறது. அதைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. அறையில் 10 டிகிரி கூடினால் பிராசஸரிலும் ஏறக்குறைய அவ்வளவு கூடிவிடும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய பெட்டி சித்திரையில் படுத்துக்கொள்வது அதனால்தான்.

சூடுதானா என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனை செய்தோம். முதலாவது, செலவில்லாதது. பெட்டியின் பின்னால் இருக்கும் இரண்டு திருகைக் கழற்றினால் பக்கத்து மூடி கையோடு வந்துவிடும். (எந்த மூடியைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்!) திறந்த பக்கத்துக்கு நேரே ஓர் அடி தள்ளி டேபிள் ஃபேனை வைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டேன். மத்தியானம் இரண்டரை மணி. ஒன்றரை மணி நேரம் நிற்கவே இல்லை! கோளாறு சூடுதான் என்று ஊர்ஜிதமாகிவிட்டது. சிலர் இதையே வைத்தியம் என்று எடுத்துக்கொண்டு மூடியைக் கழற்றியே விட்டுவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். குழந்தைகள் விரலை விடும், பல்லி குடியேறும், தூசி இரண்டு மடங்கு சேரும்.

இரண்டாவது, ஜுரம் பார்ப்பது. கம்ப்யூட்டர் நின்ற உடனே மறுபடி ஆன் செய்து, முதல் எழுத்துகள் தெரியும்போதே டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் (சிலவற்றில் எஃப் 2) நீலமோ கறுப்போ ஒரு பக்கம் வரும். பயாஸ் என்பார்கள். அங்கே ஹார்டுவேர் மானிட்டர் என்றோ பி.சி. ஹெல்த் என்றோ ஓர் இடத்தில் சி.பி.யு. டெம்பரேச்சர் போட்டிருக்கும், ஃபேன் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் இருக்கும். பார்ப்பதோடு சரி, அங்கே எதையும் மாற்றக் கூடாது. எங்கள் பெட்டி 84 காட்டியது. ஓட்டமெல்லாம் நின்று, சும்மா இருக்கும்போதே 84! சும்மா இருக்கையில் 40, 50 என்று இருந்தால் நிம்மதி. வேலை செய்யும்போது 80-க்குள் இருந்தால் பரவாயில்லை.

ஃபேன் சுற்று பூஜ்யம் என்று காட்டினால் ஃபேனே போய்விட்டது என்று அர்த்தம். மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

அணைவதெல்லாம் சூட்டினால்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து திரையும் அணைந்து, யு.பி.எஸ். கீச்சிட்டால் அது யு.பி.எஸ். பேட்டரி. காலையோ மாலையோ, நேரங்காலம் இல்லாமல் நின்றால் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சந்தேகப்படலாம். ஒன்றுமே திறக்காதபோது ஃபேன் மட்டும் ஹோவென்று இரைந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எந்த புரோகிராம் எத்தனை சதவிகிதம் வேலை வாங்குகிறது என்று பட்டியல் வரும். பையன் எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டோடு கூட வந்த திருட்டு புரோகிராம் உள்ளே உட்கார்ந்து உழைத்துக்கொண்டிருப்பதும் உண்டு!

சரி, எங்கள் பெட்டிக்கு வருகிறேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி விரித்த மாதிரி தூசி! சாதாரணத் தூசியாக இருந்தால் உதறினால் போய்விடும். இது தாளிக்கிற எண்ணெய்ப் புகையும், தலையணைப் பஞ்சும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் சேர்ந்து பிசுபிசுவென்று படிந்தது. சமையலறையை ஒட்டிய ஹாலில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இதுதான் கதை.

பால்கனிக்கு எடுத்துப் போய்ச் சுத்தம் செய்தோம். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, ஆன் செய்யும் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும். பிறகு பெட்டியின் இரும்பு உடம்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். நம் உடம்பிலும், முக்கியமாகப் பாலியெஸ்டர் புடவை கட்டியிருந்தால், மின்சாரம் சேர்ந்திருக்கும். பெயிண்ட் அடிக்கிற மெத்தென்ற புது பிரஷ் போதும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், சுற்ற விடக் கூடாது. ஈரத்துணி கூடாது. வாக்குவம் கிளீனரின் மூக்கைப் போர்டின்மேல் வைக்கக் கூடாது. சைக்கிள் கடையில் காற்றடித்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். கையடக்க புளோயர் கிடைத்தால் நல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலையைக் குழந்தை தூங்கும்போது வைத்துக்கொள்வதே உத்தமம். கழற்றிய திருகுகள் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும், தரையில் வேண்டாம்.

சுத்தம் செய்ததில் 84 இறங்கி 71 ஆயிற்று. இன்னும் போதாது. பசை ஏழு வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. அதைத் தம்பிதான் செய்தான். பழசைச் சுரண்டித் துடைத்து, புதுப்பசை ஒரு பட்டாணி அளவு வைத்து, தகட்டை நேராக இறக்கினான். பசைக்கு 180 ரூபாய். 71 என்பது 60 ஆயிற்று.

கடைசியாகத்தான் கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தோம். தேக்கு மேஜை; இவர் ஆசாரியிடம் சொல்லி ஆசையாகச் செய்தது. சி.பி.யு. வைக்கக் கதவு போட்ட அலமாரி, பின்னாலும் பலகை. தூசி படக் கூடாதாம்! உள்ளே கையை விட்டால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி வெக்கை. வெளியே தள்ளிய சூட்டுக் காற்றையே பெட்டி மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. "பலகையைக் கழட்டிடலாங்க" என்றேன். "தேக்கு, தெரியுமில்ல?" என்றார். இரண்டு நாள் ஒத்திப் போட்டு, மூன்றாம் நாள் தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். பின்பலகையும் போயிற்று, கதவும் போயிற்று. சுவரிலிருந்து அரை அடி முன்னால் தள்ளி வைத்தோம். 52! சீட்டுப் பணத்தில் கை வைக்கவில்லை. முகூர்த்தப் பத்திரிகையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லா வீட்டிலும் தூசிதான் காரணம் என்று இல்லை. என் சின்ன நாத்தனார் போன வருஷம் சென்னையில் வீடு மாறினாள். மாறிய அன்றே போன். "அண்ணி, உங்க கம்ப்யூட்டர் மாதிரியே எங்களுதும் நிக்குது. தொறந்து பார்த்தேன், தூசியே இல்ல, ஃபேனும் நல்லாச் சுத்துது!" எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்று கேட்டேன். இரண்டே நிமிஷமாம். தூசி என்றால் மெள்ள மெள்ளத்தான் ஏறும்; போட்ட மாத்திரத்தில் ஏறுகிறதென்றால் தகடு வில்லையில் உட்காரவில்லை என்று அர்த்தம். சில பிராசஸர்களோடு வருகிற ஹீட் சிங்க்கை நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்தித்தான் பொருத்தியிருப்பார்கள். லாரியில் குலுங்கியதில் ஒரு ஊசி கிளம்பிவிட்டிருந்தது. மெக்கானிக் வந்து, பசையும் புதிதாகப் போட்டு அழுத்திவிட்டுப் போனார். வீடு மாற்றும்போது பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டு போவது நல்லது. அந்தக் கனமான கட்டி தொங்காமல் இருக்கும்.

பின்பக்கத்து ஃபேன் சரியான திசையில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதக் கீற்றுப் போதும். ஓடும்போது பின்னால் பிடித்தால் அது வெளிப்பக்கம் பறக்க வேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டால் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஏர் கூலரைப் பெட்டிக்கு நேரே திருப்பி வைப்பது வேண்டாம், ஈரக்காற்று ஆகாது. கருகல் வாடை வந்தாலோ, பெட்டியைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருகிறவரிடம், "டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுது? பசை மாத்தினீங்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முகமே மாறிவிடும்!

எங்கள் வீட்டில் இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை மூடி திறக்கிறோம். பங்குனி பிறந்ததும் ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. பூஜையன்று என் அத்தை எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசுவார்கள். பெட்டியின் நெற்றியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்னால் இருக்கிற சல்லடையில் வேண்டாம், காற்று உள்ளே போகிற வழி அது.