தோற்சட்டையும் அதன் பற்கோவையும்

ஒரு நூலின் காலத்தை ஆராய்வார் அதன் பொருளையும் நடையையும் மட்டும் நோக்கி அமைவதில்லை. பிற்காலத்துச் சொல்லொன்று இடையே தலைகாட்டுமாயின், அஃது இடைச்செருகலோ, அன்றி நூலே பிற்காலத்ததோ என ஐயுறுவர். பழைய தோற்சட்டையின் காலத்தைத் துணிவாரும் இம்முறையையே கையாளுகின்றனர். அங்கே அச்சொல்லின் நிலையில் நிற்பது, சட்டையின் முன்புறத்தை மூடும் ‘ஜிப்’ என்னும் உலோகப் பற்கோவை.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்துள்ள செங்கம் சாலையில், மார்கழி வைகறைக் குளிரில் மோட்டார் சைக்கிளேறி வருவார் சிலர், அமெரிக்க விமானிகளின் பழைய பாணியில் தைத்த தோற்சட்டை அணிந்திருத்தலை நாம் கண்டதுண்டு. கோவணமொன்றே உடையாகக் கொண்டு வாழ்ந்த ரமண முனிவரின் ஆசிரம வாயிலில் சட்டையாராய்ச்சி செய்வது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், மெய்ப்பை அணிந்த யவனரை முல்லைப்பாட்டில் நப்பூதனார் குறித்திருத்தலின், அயலார் சட்டையை உற்று நோக்குதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று.

நிற்க. ஜிப்பின் வரலாறு 1893-ஆம் ஆண்டில் விட்கம் ஜட்ஸன் என்னும் அமெரிக்கர் பெற்ற உரிமைப் பட்டயத்தோடு தொடங்குகின்றதென்னலாம். அவர் இயற்றிய கொக்கிப் பூட்டு வேண்டாத வேளையில் தானே திறந்துகொள்ளும் இயல்பிற்று. அக்குறையைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கிதியோன் சண்ட்பேக் என்பார். 1913-இல் அவர் அமைத்த வடிவமே, 1917-இல் பட்டயம் பெற்று, இன்றளவும் நின்று நிலவுகின்றது. இதன் நுட்பம் வியக்கத்தக்கது. இரண்டு துணி நாடாக்களில் பற்கள் ஒன்றுவிட்டொன்றாய் எதிரெதிர் நிற்கும். ஒவ்வொரு பல்லின் மேற்புறத்தும் ஒரு சிறு மேடு. கீழ்ப்புறத்தே ஒரு குழி. நடுவில் ஓடும் பிடியினுள் இரு வாய்க்கால்கள் வந்து ஒன்றாய்க் கூடுகின்றன. அவ்வளைவிற் பற்கள் சற்றே விரிந்து ஒன்றனிடையே ஒன்று புகும். நேரானவுடன் மேடு குழியில் அமர்ந்துவிடும். பின்னர் அப்பிடியின் நடு ஆப்புப் பிளந்தாலன்றி எத்துணை வலிந்திழுப்பினும் அவை பிரியா. 1923-இல் குட்ரிச் கம்பெனியார் தம் ரப்பர் மேற்சோடுகளில் இதனை அமைத்து, அதன் ஒலியைக் கொண்டே ‘ஜிப்பர்’ என்று பெயரிட்டனர்.

இவ்வாண்டுகளை அறிந்தோன் எளிதில் ஏமாறான். முதல் உலகப்போர் விமானியின் மேலங்கி இதுவென்று ஒருவன் ஜிப் வைத்ததைக் காட்டுவானாயின், அவன் கூற்று பெரிதும் ஐயுறத்தக்கது. அமெரிக்கப் படையினரின் 1927-ஆம் ஆண்டு ‘ஏ-1’ சட்டைக்கும் பொத்தான்களே. 1931-இல் வந்த ‘ஏ-2’ சட்டையே ஜிப் உடையது. மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென ஷாட் கம்பெனியார் ஜிப் வைத்த ‘பெர்பெக்டோ’ 1928-ஆம் ஆண்டினது. இரண்டாம் போரில் பித்தளை தட்டுப்படவே, எஃகும் துத்தநாகக் கலவையும் பற்களாயின. நாடா அக்காலத்தில் பருத்தி. இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். நைலான் சுருள் ஜிப்போ போருக்குப் பின்னர்ப் பரவியது. டோக்கியோவில் 1934-இல் தொடங்கிய ஜப்பானியக் கம்பெனியின் ‘ஒய்.கே.கே.’ என்னும் எழுத்துக்கள் போர்க்காலச் சட்டையொன்றில் காணப்படின், ஜிப் பின்னர் மாற்றப்பட்டதாதல் வேண்டும், அன்றேல் சட்டையே புதிதாதல் வேண்டும்.

தோலைப் பொறுத்தமட்டில் நம் நாடு பின்னடையவில்லை. திருவண்ணாமலையும் 1989 வரை அடங்கியிருந்த பழைய வடார்க்காட்டில், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலிற் பேர்பெற்றன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய ‘கிழக்கிந்தியத் தோல்’ முதல் உலகப்போரிற் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸுக்கும் பயன்பட்டது. மானாவாரி மேட்டில் மஞ்சட் பூவுடன் நிற்கும் ஆவாரைக்கு இத்தகைய பெருமை உண்டென்பதைப் பலர் அறியார். ஆதலின், பழைய பாணித் தோற்சட்டை தைக்கும் நம்மவர்க்குத் தோல் இங்கேயே கிடைக்கும்; தவறு நேர்வது ஜிப்பில்தான். ஈராயிரம் தையல்களை ஒழுங்குற இட்ட கைவினைஞனின் உழைப்பை, நான்கு விரற்கடை தொங்கும் நைலான் சுருளொன்று கெடுத்துவிடுதல் இரங்கத்தக்கது.

ஈண்டு ஒரு வேற்றுமை உணரத்தக்கது. பழைய பாணியிற் புதிதாகத் தைத்ததைப் புதியதென்றே கூறி விற்பவன் எதனை அணிவிப்பினும் குற்றமிலன். புதியதைப் பழையதென்று விற்பவனே பிறன் பொருளைக் கவர்பவன். பல மாதம் சேர்த்த பணத்தை நம்பிக் கொடுத்தவனுக்கு அது சிறு இழப்பன்று. உண்மையான பழஞ்சட்டைக்குப் பல்லுதிர்ந்தமையால் ஜிப் மாற்றுதலும் பழிக்கத்தக்கதன்று. கூரை சிதைந்த வீட்டிற்குக் கூரை வேய்வது போன்றதே அது. மாற்றியதை வாங்குவோனிடம் மறையாது சொல்லுதலும், கழற்றிய பழைய ஜிப்பை எறியாது சட்டையுடனே வைத்தலும் வேண்டும்.

வாங்கப் புகுவார் ஒரு சிறு காந்தத்துண்டைச் சட்டைப்பையிற் கொண்டுசெல்லலாம். பித்தளைப் பல் காந்தத்தில் ஒட்டாது. எஃகுப் பல் ஒட்டும். பித்தளை நிறமாயிருந்தும் காந்தத்தைப் பற்றிக்கொள்ளுமாயின், அது மேற்பூச்சு. அப்போது விலைபேசுதற்கு முன்னர் நாடாவையும் பிடியின் எழுத்துக்களையும் நன்கு பார்த்துக்கொள்க.