மருத்துவக் காப்புறுதி: சில்லறையாக வாங்கினால் விலை கூடத்தான் செய்யும்

சுருவிலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் மொத்தமாகச் சரக்குப் போடுகிறேன். கணக்குப் பார்க்கும்போது அவர் ஒரு காப்புறுதிக் கம்பனி கொடுத்த விலைக்கூற்றை எடுத்துக் காட்டினார். "நானா, குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதி கேட்டால் கடையின் ஒரு மாத லாபத்தைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ரீச்சருக்குச் சம்பளத்தில் சின்னத் தொகைதான் கழிகிறது. இதென்ன நியாயம்?" என்றார். நம் வர்த்தகர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. காரணம் தெரிந்தால்தான் பேரம் பேசவும் முடியும்.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வருடத்தில் இருவருக்குச் சத்திரசிகிச்சை. ஆளுக்கு 5 இலட்சம் ரூபா. மொத்தம் 10 இலட்சம். 100 பேரும் பகிர்ந்தால் தலைக்கு 10,000 ரூபா. "எனக்கென்ன நோய்?" என்று சுகமாக இருக்கும் 80 பேர் விலகிவிட்டால், அதே 10 இலட்சத்தை மிஞ்சிய 20 பேர் சுமக்க வேண்டும். தலைக்கு 50,000 ரூபா. அதைக் கேட்டு இன்னும் சிலர் விலகுவார்கள். கட்டுப்பணம் மறுபடியும் ஏறும். பொருளியலாளர் ஜோர்ஜ் அகெர்லொஃப் 1970 இல் எழுதிய கட்டுரையில், முதியோருக்கு மருத்துவக் காப்புறுதி கிடைப்பது ஏன் கடினம் என்பதை இதே வழியில்தான் விளக்கினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். ஆகவே சுகதேகிகள் காப்புறுதியைப் பற்றி நினைப்பதேயில்லை. தனியார் வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரும் என்று எதிர்பார்ப்பவர்களே பெரும்பாலும் தேடி வருகிறார்கள். கம்பனியும் அப்படி எண்ணித்தான் விலை வைக்கிறது. முகவர் தரகும் நிர்வாகச் செலவும் அதன்மேல் ஏறும்.

ரீச்சரின் விடயம் வேறு. அரச உத்தியோகத்தர்களுக்கான அக்ரஹார காப்புறுதியை, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. இளையவர், முதியவர், சுகதேகி, நோயாளி என எல்லோரிடமும் சம்பளத்திலேயே பணம் கழிகிறது. கூட்டம் பெரிது, அதனால் பங்கு சிறிது.

செலவும் ஏறியிருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. நம் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. பரிசோதனை இயந்திரங்களும் அப்படியே. அதோடு வரியும் இருக்கிறது. ஆயுள் காப்புறுதிக்குப் பெறுமதி சேர் வரி விலக்கு உண்டு. பொதுக் காப்புறுதியாக விற்கப்படும் மருத்துவப் பத்திரத்துக்கு அந்த விலக்கு இல்லை. 2022 நடுப்பகுதி வரை 8 வீதமாக இருந்த அந்த வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது.

"தகாபுல் எடுத்தால் மலிவா?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985 இல் வர்த்தகக் காப்புறுதியை மறுத்து, பரஸ்பர ஒத்துழைப்பு முறையை ஏற்றது. இலங்கையில் அமானா தகாபுல் 1999 இல் ஆரம்பமானது. தகாபுலில் நாம் கட்டுவது பொது நிதிக்கான நன்கொடை. மிச்சம் வந்தால் பங்குதாரர்களுக்குத் திரும்பவும் இடமுண்டு. மார்க்க ரீதியில் அது பெரிய வித்தியாசம். ஆனால் வைத்தியசாலை பில் எல்லோருக்கும் ஒன்றே. சேர்ந்திருப்பவர்கள் சிலரே என்றால் அங்கும் பங்கு பெரிதாகத்தான் இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, சங்கமாகப் போங்கள். ஒரு பெட்டி சவர்க்காரத்துக்கும் நூறு பெட்டிக்கும் ஒரே விலையா கேட்கிறோம்? தனிக் கடைக்காரர் கேட்கும் கட்டுப்பணம் சில்லறை விலை. வர்த்தகர் சங்கம், அங்கத்தவர்களையும் அவர்களது ஊழியர்களையும் சேர்த்துக் குழுப் பத்திரம் கேட்டால் அது மொத்த விலை. சங்கமே தனியாகக் காப்புறுதி நடத்த முடியாது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டப்படி அது பதிவுபெற்ற கம்பனிகளின் தொழில். ஆனால் குழுவாக வாங்கத் தடையில்லை. நோயாளிகளை மட்டும் சேர்க்காமல் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, சிறு செலவுகளுக்குக் காப்புறுதி தேடாதீர்கள். காய்ச்சல் மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் கம்பனியைக் கட்டச் சொன்னால், அந்தப் பணத்தோடு நிர்வாகச் செலவையும் சேர்த்து நம்மிடமே வாங்குவார்கள். பில்லில் முதல் ஒரு தொகையை நாமே ஏற்பதாகச் சொன்னால் கட்டுப்பணம் குறையும். கடையை விற்க வைக்கும் பெரிய செலவுக்குத்தான் பாதுகாப்புத் தேவை.

மூன்றாவது, நோய் வருமுன் சேருங்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, அறை வாடகைக்கு உச்ச வரம்பு என்ன, அரச வைத்தியசாலையில் தங்கினால் நாளாந்தக் கொடுப்பனவு உண்டா என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்துக் கையெழுத்திடாதீர்கள். அவசர நேரத்தில் கோரிக்கை நிராகரிக்கப்படும். அமானிதத்துக்கும் அது மாறு.

நமது கடைகளில் முதலாளி படுத்தால் கடையும் படுத்துவிடும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த விடயத்தை எடுத்து, பெயர்ப் பட்டியலோடு குறைந்தது மூன்று கம்பனிகளிடம் விலை கேளுங்கள்.