அயல்நாடு செல்லும் செவிலியர்

தாண்டிக்குடியிலோ பூம்பாறையிலோ ஒரு மகள் செவிலியர் படிப்பை முடித்துவிட்டால், தரகர் வீடு தேடி வந்துவிடுகிறார். நிலத்தை அடகு வைக்குமுன் பெற்றோர் ஒன்றை அறிந்திடல் வேண்டும். அரசு உரிமம் பெற்ற முகவர் தம் சேவைக்கென வாங்கத்தக்க உச்சத் தொகை, வரி நீங்கலாக, 30,000 ரூபாயே. 2015-இல் கேரளத்தில், குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் பெற வேண்டிய இடத்தில் 19.5 இலட்சம் பெற்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது.

தமிழக அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்க, தரகரை நாடுவானேன்?

முதலில் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிவு. பிரிட்டனுக்கெனில் ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்குச் சென்றபின் செய்முறைத் தேர்வு. நம் மலைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே பெருந்தடை. அதற்குச் செலவிடும் பணம் வீணன்று. ஒப்பந்தத்தில் மருத்துவமனையின் பெயரும் ஊதியமும் இல்லையெனில் கையொப்பமிட வேண்டா.