இரண்டு கம்பி, ஒரே குழி

தேசத்தின் செய்திக் கம்பிகள் என்றுமே அறுபடா என்று நம்பியிருப்பது பேதைமை. மண் தோண்டும் இயந்திரமும், கப்பல் நங்கூரமும், பூகம்பமும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவனவல்ல. கம்பி அறுந்த பின்னும் செய்தி நின்றுவிடாதபடி முன்கூட்டியே வழி செய்வதுதான் விவேகம்.

இதற்குப் பொறியியல் வல்லுநர் கண்ட உபாயங்களுள் முக்கியமானது வளைய அமைப்பு. ஊர்களை வட்டமாகப் பிணைத்துவிட்டால், ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் செய்தி மறுபுறமாகச் சுற்றிப் போய்ச் சேரும். கருவிகளே பழுதை உணர்ந்து, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வழியை மாற்றிவிடும். டெலிபோனில் பேசிக்கொண்டிருப்பவர் அதனை அறியவும் மாட்டார். ஆனால் வளையத்தின் கொள்ளளவில் பாதியை ஆபத்துக் காலத்திற்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். சும்மா கிடக்கும் அப்பாதியை வீண் செலவென்போர், கோடையில் ஏரிக் கலிங்கைப் பார்த்து இது எதற்கென்று கேட்போரை ஒப்பர்.

நிற்க, மாற்றுக் கம்பி இருந்தால் மட்டும் போதுமா? போதாதென்பதை அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரம் காட்டிற்று. 2001 ஜூலை 18-இல் அங்கே ஹோவர்ட் தெருச் சுரங்கத்தில் சரக்கு ரயிலொன்று தடம் புரண்டு தீப்பற்றியது. பல கம்பெனிகளின் கண்ணாடியிழைக் கம்பிகள் அந்த ஒரே சுரங்கத்தின் வழியே சென்றமையால் ஒருங்கே சேதமுற்றன. காகிதத்தில் பலவாயிருந்த வழிகள் பூமியில் ஒன்றாகவே இருந்தன.

நம் நாடும் இப்பாடத்தைக் கற்றுள்ளது. 2008 ஜனவரி 30-இல் அலெக்ஸாண்டிரியாவுக்கருகே மத்தியதரைக் கடலில் இரண்டு வடங்கள் அறுந்தபோது, இந்தியாவின் இன்டர்நெட் வெகுவாகத் தடைப்பட்டது. ஐரோப்பா செல்லும் வடங்கள் எகிப்தென்னும் ஒரே குறுகிய வாயிலில் நெருங்கியிருந்தமையே காரணம். கிழக்கே பசிபிக் வழி இருந்ததால் ஓரளவு சமாளிக்க முடிந்தது.

மாற்று வழியே இல்லாதார் கதி என்ன? 2022 ஜனவரி 15-இல் எரிமலை வெடித்து டோங்கா தீவுகளின் ஒரே சர்வதேச வடம் அறுந்தது. பிரதான தீவுக்கு அது மீள ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. உற்றார் உயிரோடிருக்கின்றனரா என்றறிய இயலாமல் அயல்நாடுகளிலிருந்த டோங்கா ஜனங்கள் நாட்கணக்கில் தவித்தனர். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தைக் குறித்துப் பெருமைப்படும் நாம், இத்துயரை மறத்தல் தகாது.

ஆகையால் கம்பிகள் எத்தனையென்று எண்ணித் திருப்தியடைவதைச் சர்க்கார் விடுத்தல் வேண்டும். அவை எக்குழியில் கிடக்கின்றன, எப்பாலத்தைக் கடக்கின்றன, எக்கரையில் ஏறுகின்றன என்று ஒவ்வொரு கம்பெனியையும் கேட்டறிந்து, இரண்டாவது வழி மெய்யாகவே வேறு வழிதானா என்று சோதித்தல் வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் செல்லும் கம்பிகளிலிருந்து இச்சோதனை தொடங்குக. ஆபத்து வந்த பின் வரைபடத்தைத் தேடுவது ஆளுவோர்க்கு அழகன்று.