ஒரு மில்லிமீட்டர் கூர்மை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது வித்துரா. பொதிகை மலைத்தொடரின் மேற்குச் சரிவு இது. மறுபக்கம் இறங்கினால் நம் பாபநாசம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள், வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி, வெட்சி, கத்தரி, மிளகுக்கொடி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற ஊர் என்பதால் பூவுக்கும் பூச்சிக்கும் பஞ்சமில்லை. கையில் செல்போன் இருக்கிற யாருக்கும் குனிந்து ஒரு படம் எடுக்கத் தோன்றும். எடுத்த பிறகு பார்த்தால் பெரும்பாலும் இதழ் தெளிவாக இருக்கும், தேனீ கலங்கியிருக்கும்.

கேமராவை மாற்றினால் இது சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். லென்ஸால் என்ன முடியும், எதிரே இருக்கும் பூச்சி எதைப் பார்க்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் கையிலிருக்கும் கருவியிலேயே படம் மாறும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது விஷயத்துக்கு வித்துராவைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 2008இல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐசர்) திருவனந்தபுரம் வளாகம் இங்கேதான் இருக்கிறது. அங்கே சூழலியலாளர் ஹேமா சோமநாதனின் குழு தேனீக்களின் பார்வையையும் நடத்தையையும் ஆராய்ந்துவருகிறது.

முதலில் லென்ஸைப் பார்ப்போம். சுவர் இடுக்கில் கூடு கட்டும் கொசுத்தேனீ நான்கு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாது. மேக்ரோ லென்ஸ் அதை உள்ள அளவிலேயே சென்சாரில் பதிக்கும். அப்படி நெருங்கும்போது, எஃப்/8 துளையில், முன்னும் பின்னுமாகச் சேர்த்துக் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தேனீயின் கண் கூர்மையாக இருந்தால் பின்னங்காலில் ஒட்டிய மகரந்தம் கலங்கிவிடும். இது கேமராவின் குறை இல்லை. நெருங்க நெருங்க ஆழம் சுருங்குவது ஒளியியலின் விதி.

துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பூச்சியை உள்ள அளவில் பதிக்கும் நெருக்கத்தில், நாம் வைக்கும் எஃப்/22 நடைமுறையில் எஃப்/44 ஆகிவிடுகிறது. அவ்வளவு குறுகிய துளை வழியே வரும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, ஒவ்வொரு புள்ளியையும் 0.06 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக்குகிறது. 24 மெகாபிக்சல் முழுச் சட்டக சென்சாரின் ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். அதாவது ஒரு புள்ளி பத்து பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். ஆழம் கிடைத்தாலும் பூச்சியின் நுண்மயிர்கள் மங்கிப்போகும். அதனால்தான் எஃப்/8க்கும் எஃப்/16க்கும் இடையிலேயே இருங்கள் என்கிறார்கள் அனுபவமுள்ளவர்கள்.

அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் படத்தின் தலையெழுத்து இருக்கிறது. சிறகை மூடி உட்கார்ந்த கறிவேப்பிலை அழகிப் பட்டாம்பூச்சிக்கு சென்சாரைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால், சிறகு முழுவதும் அந்த மெல்லிய தளத்துக்குள் வந்துவிடும். சற்றே சாய்த்தாலும் பாதிச் சிறகு போய்விடும். தேனீக்கு இணையான தளம் என்று ஒன்று இல்லாததால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். அசையாத பூச்சி என்றால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கூர்மையான பகுதிகளை மென்பொருளில் இணைக்கலாம். காற்றடிக்கும் நாளில் இதற்கு வேலையே இல்லை. துணி மாட்டும் கிளிப்பால் பூக்காம்பை ஒரு குச்சியோடு பிடித்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

செல்போன் வைத்திருப்பவர்கள் இங்கே மனம் தளர வேண்டாம். சென்சார் சிறிதாக இருப்பதால், ஒரே அளவு காட்சியை ஒரே எஃப் எண்ணில் எடுக்கும்போது செல்போனில் கூர்மையின் ஆழம் அதிகம். பெரிய கேமராவில் பாதி கலங்கும் கொசுத்தேனீ செல்போனில் முழுதாக வருவதற்கு இதுதான் காரணம். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. பல போன்களின் மேக்ரோ வசதி அகலக்கோண லென்ஸையே பயன்படுத்துவதால் ஓரிரு அங்குலத்துக்குள் போக வேண்டியிருக்கும்; போனின் நிழல் பூவில் விழும், பூச்சி பறந்துவிடும். டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள போனில் அதன்மேல் ஒரு குளோசப் லென்ஸைச் செருகினால் சற்றுத் தள்ளி நிற்கலாம். கேமரா வைத்திருப்பவர்கள், பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தும் வளையத்தை வாங்கினாலே கிட்டத்தட்ட உள்ள அளவுப் படம் கிடைத்துவிடும்.

அடுத்தது ஒளி. உள்ள அளவில் பதிக்கும்போது சென்சாரை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மேகம் மூடிய ஜூன் மாதத்தில், ரப்பர் மர நிழலில், இது பெரிய இழப்பு. ஃப்ளாஷ் இங்கே கைகொடுக்கும். குறைந்த சக்தியில் வைத்தால் அதன் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடி அளவுக்கே நீடிக்கும். தேனீ நொடிக்கு 200 தடவைக்கு மேல் சிறகடிக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் ஒரு முழுச் சிறகடிப்பில் ஏறக்குறைய கால்வாசி முடிந்துவிடும். இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் அந்தச் சிறகை நிறுத்திக் காட்ட ஷட்டரால் முடியாது, ஃப்ளாஷால்தான் முடியும். ஆனால் வெறும் ஃப்ளாஷை அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். வண்டின் ஓடு கண்ணாடி மாதிரி. விளக்கு எந்த வடிவமோ அதையே திருப்பிக் காட்டும். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளையோ பால்நிற பிளாஸ்டிக்கையோ வளைத்து, பூவுக்கு மிக அருகில் கொண்டுவாருங்கள். வெளிச்சம் விரிந்து, ஓட்டின் நிறம் தெரியத் தொடங்கும். என்னைக் கேட்டால், நெருக்கப் படத்துக்குச் செலவழிக்கும் முதல் பணம் இந்தத் தாளுக்குப் போகட்டும், லென்ஸுக்கு அப்புறம்.

செம்பருத்திக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் இதழில் ஓடும் நரம்புகள் படத்தில் காணாமல் போய்ச் சிவப்புச் சாயம் பூசியதுபோல் வருவதற்குக் காரணம், கேமராவின் சிவப்புப் பகுதி நிரம்பி வழிவது. மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா காட்டினாலும் சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு படி குறைத்தால் நரம்புகள் திரும்ப வரும்.

இனி பூச்சியின் கண். தேனீயின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் சுமார் 5,000 சிறு கண்கள் உண்டு. இருந்தும் அது காணும் காட்சி நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கரடுமுரடானது. ஒரு மீட்டர் தூரத்தில் ஓரிரு சென்டிமீட்டருக்கும் குறைவான நுணுக்கம் அதற்குத் தெரியாது. ஆனாலும் நம் அசைவை அது தவறவிடாது. நமக்குத் தொடர்ச்சியான வெளிச்சமாகத் தெரியும் மினுக்கலை நொடிக்கு 200 வரை தனித்தனியாகப் பிரித்தறியும் கண் அது. மேலிருந்து சட்டென இறங்கும் கை, பூவில் விழும் நிழல், இரண்டும் அதற்கு ஆபத்தின் அடையாளம். சூரியனுக்கு எதிர்ப்புறமாக, பூவின் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ இருந்து, ஒரே சீரான மெதுவான வேகத்தில் நெருங்கினால் பறக்காது. அது தேன் குடிக்கத் தொடங்கும்வரை பொறுத்திருந்து பிறகு நகருங்கள்.

கத்தரிப் பூவில் நெஞ்சுத் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீயைப் பகலில் பிடிப்பது கடினம். ஒரு பூவில் நெடுநேரம் நிற்காது. அந்தி சாய்ந்ததும் அதன் ஆண்கள் ஒரு செடியின் காம்பில் கூட்டமாகக் கூடி, தாடையால் காம்பைக் கவ்விப் பிடித்துத் தூங்கும். விடிவதற்குமுன் போனால், உடல் சூடேறும்வரை அவை அசையாது. படங்களை இணைத்துக் கூர்மை சேர்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. இதற்கு மாற்றாகப் பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை. அப்படி எடுத்த படத்தில் பூச்சியின் கால்கள் இயல்பாக நிற்பதுமில்லை. பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைப் படமெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில சமயம் வரிசைக்கு அருகே ஒரு 'எறும்பு' தனியாக நடக்கும், முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். அது குதிக்கும் சிலந்தி வகை. முசுறின் நிறத்தையும் ஒடுங்கிய இடையையும் அப்படியே கொண்டிருக்கும். ஆணின் தாடைகள் முன்னால் நீண்டு, ஓர் எறும்பு இன்னொன்றைச் சுமந்து போவதுபோலத் தோன்றும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்த வேடம் கலையாது. கேமராவை அதன் மட்டத்துக்கு இறக்கி முகத்துக்கு நேராக எடுத்தால் முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் எட்டுக் கால்களையும் எண்ணிவிடலாம். இனம் காண உதவும் படம் எந்தக் கோணத்தில் வரவேண்டும் என்பது பூச்சிக்குப் பூச்சி மாறும். பட்டாம்பூச்சிக்குச் சிறகின் அடிப்பக்கமும், தேனீக்கு முகமும் பின்னங்காலும் சிறகு நரம்பும் வேண்டும். அழகுக்கு ஒரு படமும் அடையாளத்துக்கு இரண்டும் எடுத்து, நாளும் இடமும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் சேர்த்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

இரவில் பறக்கும் தேனீயும் உண்டு. ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ், எரிக் வாரண்ட், அல்முட் கெல்பர் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தச்சன் தேனீ இனத்தை ஆராய்ந்து, நிலவில்லா இரவிலும் அது நட்சத்திர வெளிச்சத்திலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2008இல் வெளியிட்டார்கள். நம் கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் இருட்டு அது. தேனீக்களின் கண்ணில் சிவப்புக்கான உணர்வி இல்லை. புற ஊதா, நீலம், பச்சை மூன்றுதான். அதனால் இரவில் தேனீயைப் பார்க்கிறவர்கள் சிவப்பு விளக்கையே பயன்படுத்துகிறார்கள். தோட்டத்திலும் அதையே செய்யலாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி ஃபோகஸ் வைத்துக்கொண்டு, தாள் சுற்றிய ஃப்ளாஷை மிகக் குறைந்த சக்தியில் ஒரே ஒருமுறை அடித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.